கணினி மெதுவாகிவிட்டதா, காலாவதியாகிவிட்டதா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு முடிவடைந்தது. மறுநாள் காலையில் அந்த இயங்குதளம் உள்ள கணினிகள் எல்லாம் வழக்கம்போலவே இயங்கின; எந்தக் கோப்பும் காணாமல் போகவில்லை, எந்த மென்பொருளும் நின்றுவிடவில்லை. செய்தியைப் படித்த பதற்றத்தில் புதுக் கணினி வாங்கப் புறப்பட்டவர்களும் உண்டு. ‘என்னுடையது நன்றாகத்தானே ஓடுகிறது, இதில் முடிந்துபோக என்ன இருக்கிறது’ என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. இரு தரப்பினரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். கணினி மெதுவாவது வேறு, அது காலாவதியாவது வேறு.

மெதுவாவது கண்ணுக்குத் தெரியும். பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடித்து முடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். காலாவதியாவது கண்ணுக்குத் தெரியாது. மிக வேகமான கணினியும் காலாவதியாகியிருக்கலாம், நத்தையாக ஊரும் கணினிக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆதரவு மிச்சமிருக்கலாம். முதலாவதற்கு மருந்து பெரும்பாலும் வன்பொருளில் இருக்கிறது, இரண்டாவதற்கு இயங்குதளத்தில் இருக்கிறது. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்: கணினி மெதுவாக இருக்கிறது என்று புதிய இயங்குதளத்தை ஏற்றுவார்கள், அது இன்னும் மெதுவாகிவிடும்.

என் சித்தப்பாவின் மடிக்கணினியை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். 2019இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-7020யூ செயலி, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அவர் தம் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பொருளாளர். சந்தாக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறார், மாநகராட்சிக்குத் தமிழில் மனு எழுதுகிறார், சங்கத்தின் வங்கிக் கணக்கை இணையத்தில் பார்க்கிறார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி, ‘இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கட்டுமா?’ என்பதுதான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த மடிக்கணினிக்கு இரண்டு நோயும் இருந்தன.

ஆதரவு முடிந்தால் என்ன ஆகும்?

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. இருக்கும் இயங்குதளத்துக்கே மாதந்தோறும் வந்து சேரும் திருத்தங்களைப் புதுப்பிப்பு, அதாவது அப்டேட், என்கிறோம். விண்டோஸ் 10ஐ விட்டு விண்டோஸ் 11க்குப் போவதுபோல ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு மாறுவது மேம்படுத்தல், அதாவது அப்கிரேட். ‘ஆதரவு முடிந்தது’ என்பதன் பொருள், புதுப்பிப்புகள் வருவது நின்றுவிட்டது என்பதே.

இயங்குதளம் என்பது பல கோடி வரிகள் கொண்ட நிரல். அதில் பாதுகாப்பு ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கான திருத்தங்களை வெளியிடுகிறது. இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 11இன் நிரலில் பெரும்பகுதி விண்டோஸ் 10இலிருந்து வந்தது. ஆகவே புதியதில் அடைக்கப்படும் ஓட்டை பழையதிலும் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது தெரிந்துவிடும். தாக்குபவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஆதரவு முடிந்த இயங்குதளத்தைப் பொறுத்தவரை, அடுத்த வீட்டுக்குப் பூட்டு மாற்றிய தச்சர் நம் வீட்டுப் பூட்டின் குறையை ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனதுபோல ஆகிவிடுகிறது.

2017இல் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. சரியாக இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மே 12 அன்று அதே ஓட்டையின் வழியாக வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகளும் மருத்துவர் சந்திப்புகளும் ரத்தாயின. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவு முடிந்திருந்தபோதும், நிலைமையின் தீவிரத்தைக் கண்டு அதற்கும் அவசரத் திருத்தம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டியிருந்தது. ஆனால் பலரும் நினைப்பதுபோல் அந்தத் தாக்குதலில் அதிகம் சிக்கியவை எக்ஸ்பி கணினிகள் அல்ல. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்தாம். திருத்தம் வந்திருந்தது, சிக்கிய கணினிகளில் அது நிறுவப்படவில்லை. புதுப்பிப்புகளை அணைத்து வைத்திருப்பவர் எந்தப் புதிய இயங்குதளத்துக்கு மாறினாலும் அவருக்கு அதனால் பாதுகாப்புக் கிடைக்காது.

ஆதரவு முடிந்த மறுநாளே ஆபத்து வாசலில் வந்து நின்றுவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அது மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவது. அதற்கு மேல், பிற மென்பொருள் தயாரிப்பாளர்களும் ஒவ்வொருவராக விலகிக்கொள்வார்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று ஆதரவு முடிந்தது. கூகுள் குரோம் உலாவி அதில் இயங்குவதை 2023 தொடக்கத்தில், 109ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஒரு கணினி அன்றாட வேலைக்கு உதவாமல் போகும் நாளாக நான் கருதுவது, உலாவி அதைக் கைவிடும் நாளைத்தான். வங்கியின் இணையதளமும் அரசுச் சேவைத் தளங்களும் திறக்க மறுப்பது அதன் பிறகே தொடங்குகிறது. விண்டோஸ் 10ஐப் பொறுத்தவரை எட்ஜ் உலாவிக்கு 2028 அக்டோபர் வரையாவது புதுப்பிப்பு தரப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. உலாவி புதிதாக இருப்பதால் அடியில் உள்ள இயங்குதளத்தின் ஓட்டை அடைபட்டுவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆபத்தின் அளவு கணினி எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதையும் பொறுத்தது. நம் ஊர் அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 இன்றும் உயிரோடு இருக்கிறது. 2001இல் வெளிவந்த மென்பொருள் அது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்தை அறியாதது, யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் அமைந்த தமிழ் எழுத்துருக்களில் கோத்த பழைய புத்தகப் பக்கங்கள் அதில் திறந்தால்தான் வரி மாறாமல் நிற்கும். அப்படி ஒரு பழைய கணினியை வைத்திருப்பவரிடம் ‘மேம்படுத்துங்கள்’ என்று சொல்வது பொறுப்பற்ற அறிவுரை. இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, வன்வட்டின் முழுப் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதை ஓடவிடலாம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை மட்டும் நேராக அதில் செருகாமல், முதலில் வேறொரு கணினியில் சோதித்துவிட வேண்டும். இணையம் இல்லாத கணினிக்குள் வைரஸ் நுழையும் ஒரே வழி பெரும்பாலும் அதுதான்.

மெதுவான கணினிக்குள் என்ன நடக்கிறது?

சித்தப்பாவின் மடிக்கணினி இயங்கத் தொடங்கி எக்செல் திறக்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் எடுத்தது. அவர் செயலி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பக்கத்தில் செயலி, நினைவகம், வட்டு என்று தனித்தனியே வரைபடம் ஓடும். எந்தச் செலவும் செய்வதற்கு முன்னால், கணினி திணறும் நேரத்தில் இந்தப் பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடையதில் செயலி 15 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையே சும்மா இருந்தது. வட்டு மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு, கீழே இறங்க மறுத்தது.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே உண்மையிலேயே சுழலும் ஒரு தட்டு. மடிக்கணினிகளில் வரும் வகை பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் தட்டின் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்குப் படிக்கும் முனை நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுழன்று முனைக்கு அடியில் வர வேண்டும். இப்படிப் பார்த்தால் ஒரு விநாடியில் நூறு இடங்களைக்கூட எட்டிப் பார்க்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதோ அங்கும் இங்குமாகச் சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் இருந்தாலும் மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவான நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். எஸ்எஸ்டியை விற்பவர்கள் விநாடிக்கு 550 எம்பி என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். பெரிய கோப்பை நகலெடுக்கும்போது அந்த எண் உதவும். அன்றாட வேலையில் நாம் உணரும் வேகம் இந்தச் சிறு கோப்புகளைத் தேடும் வேகத்தினால் வருவது. ஆகவே சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கும் அதைவிடப் பல மடங்கு வேகம் என்று விற்கப்படும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கும் இடையில் கணக்கு எழுதுபவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஹார்ட் டிஸ்க்குக்கும் இவ்விரண்டில் எதற்கும் இடையில் உள்ள வேறுபாடோ யாருக்கும் தெரியும்.

ரேம் விஷயத்திலும் டாஸ்க் மேனேஜரே விடை சொல்லும். நினைவகம் 85, 90 சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தால், இடம் போதாமல் இயங்குதளம் வட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்துகிறது என்று பொருள். வட்டு சுழலும் தட்டாக இருந்துவிட்டால் இரண்டு குறையும் சேர்ந்து கணினியைப் படுக்கவைத்துவிடும். உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்து வேலை செய்பவருக்கு இன்று 8 ஜிபி தேவை, 4 ஜிபி போதாது. எத்தனை செருகுவழிகள் உள்ளன, எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பள்ளம் வெட்டிய இடமே வேறாக இருப்பதால் தவறாகச் செருகவும் முடியாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் கூட்டுவதற்கு வழியே இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் வாங்கிக் குவிப்பதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முன்பு யோசிக்காமல் ‘ரேம் போடுங்கள்’ என்று சொல்லிவந்த நான் இப்போது வரைபடத்தைப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

செயலியே குற்றவாளியாக இருப்பது, காணொளித் தொகுப்பு, பெரிய விளையாட்டு, முப்பரிமாண வரைபடம் போன்ற வேலைகளில்தான். மற்றவர்களிடம் செயலி 100 சதவீதத்தில் நின்றால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். தூசி அடைத்துச் சூடேறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து வெப்பப் பசையை மாற்றினால் சரியாகிவிடுகிற இந்தக் கோளாறுக்காகப் புதுக் கணினி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

சித்தப்பாவுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் 4 ஜிபி ரேமும் கூடுதலாகப் போட்டோம். ஐந்து நிமிடம் அரை நிமிடமாகக் குறைந்தது. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ‘இனி ஐந்து வருடம் கவலையில்லை’ என்றார். முதல் நோய்தான் தீர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருந்தது.

விண்டோஸ் 11இன் வாசல்

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளில் பெரும்பாலானவை எளியவை: 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு இடம், இரண்டு உள்ளகங்கள் (கோர்) கொண்ட 64 பிட் செயலி. சிக்கலானவை மூன்று. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். கணினி தொடங்கும்போது நம்பத்தக்க மென்பொருளை மட்டுமே இயங்கவிடும் செக்யூர் பூட் வசதி இருக்க வேண்டும். செயலி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் சில விதிவிலக்குகள் தவிர இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது.

தலைமுறையைப் பெயரிலேயே படித்துவிடலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் செயலியின் பெயர் தெரியும். கோர் ஐ5-8250யூ என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கிறது; 10210யூ என்றால் பத்தாம் தலைமுறை. ‘ஐ5’, ‘ஐ7’ என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலைகளே தவிர வயதைச் சொல்வன அல்ல. ஆறாம் தலைமுறை ஐ7 விண்டோஸ் 11இன் வாசலுக்கு வெளியே நிற்கும், எட்டாம் தலைமுறை ஐ3 உள்ளே போய்விடும். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பயன்படுத்திய மடிக்கணினி வாங்கப் போகிறவர் ‘ஐ7, 16 ஜிபி’ என்ற விளம்பரத்தோடு நின்றுவிடாமல் அந்த நான்கு அல்லது ஐந்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கிய ஆண்டும் நம்பத்தக்க அடையாளம் அல்ல. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017இலேயே வந்துவிட்டன. ஆனால் சித்தப்பாவிடம் உள்ள 7020யூவை இன்டெல் வெளியிட்டது 2018இல். பெயரில் உள்ள 7 சொல்வதுபோல அது ஏழாம் தலைமுறை. 2019இல் புதிதாகக் கடையில் வாங்கிய மடிக்கணினி, இரண்டே ஆண்டுகளில் வந்த இயங்குதளத்துக்குத் தகுதியற்றதாகிவிட்டது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. புதிய செயலிகளில் இயங்குதளத்தின் உட்பகுதியைத் தனிமைப்படுத்திக் காக்கும் வசதிகளை வன்பொருளே வேகமாகச் செய்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் கோட்டை இந்த இடத்தில்தான் கிழித்தாக வேண்டும் என்பதற்கு அது முழுக் காரணம் ஆகாது.

டிபிஎம் என்பது குறியாக்கத் (என்கிரிப்ஷன்) திறவுகோல்களை வட்டில் வைக்காமல் தனியே பூட்டி வைத்துக்கொள்ளும் சிறு பெட்டகம். ‘உங்கள் கணினியில் டிபிஎம் இல்லை’ என்று சோதனை சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய கணினிகளில், குறிப்பாகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மேசைக் கணினிகளில், அது பயாஸ் அமைப்பில், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளின் அமைப்பில், அணைத்து வைக்கப்பட்டிருப்பது வழக்கம். இன்டெல் கணினியில் பிடிடி என்றும் ஏஎம்டி கணினியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும்; அதை இயக்கினால் போதும், சில்லு வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற கருவி எந்தத் தகுதி குறைகிறது என்பதைத் தனித்தனியே காட்டும்.

பயாஸில் கைவைப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பல மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே பிட்லாக்கர் என்ற குறியாக்கம் வட்டில் இயங்கிக்கொண்டிருக்கும். டிபிஎம் அமைப்பையோ செக்யூர் பூட்டையோ மாற்றினால், அடுத்த முறை தொடங்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கலாம். அந்த எண் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; அந்த எண் எங்கும் கிடைக்காதவருக்கு அதற்குப் பிறகு தம் கோப்புகளை அடைய வழியில்லை. முதலில் அந்த எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மற்றதைச் செய்யலாம்.

தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவும் வழிகள் பல காணொளிகளில் உள்ளன, அவை வேலையும் செய்கின்றன. ஆயினும் அப்படி நிறுவியவற்றுக்குப் புதுப்பிப்பு வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பான 24எச்2, சில குறிப்பிட்ட செயலிக் கட்டளைகள் இல்லாத மிகப் பழைய கணினிகளில் தொடங்கவே மறுத்தது. சோதித்துப் பார்க்க ஒரு கணினி வைத்திருப்பவர் செய்யலாம். சங்கத்துப் பணம் புழங்கும் கணினியில் நான் செய்ய மாட்டேன்.

தகுதி உள்ள கணினியிலும், நிறுவும் முன் அதோடு இணைந்த கருவிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த பழைய டாஸ் காலக் கணக்கு நிரல்கள் இதில் நேரடியாக ஓடா. கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான இயக்கி (டிரைவர்) 32 பிட்டில் மட்டுமே உள்ள பழைய அச்சுப்பொறியும் ஸ்கேனரும் வேலை செய்யா. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்கள், அதன் இயக்கி புதிய இயங்குதளத்துக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். வரித் தாக்கலின் கடைசி நாளில் இது தெரியவருவதைப்போன்ற வேதனை வேறில்லை. மேம்படுத்திய பிறகு பிடிக்காவிட்டால் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதியை விண்டோஸே தருகிறது. ஆகவே மேம்படுத்திய முதல் வாரத்திலேயே எல்லாக் கருவிகளையும் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது நல்லது. கோப்புகளின் பிரதி ஒன்று தனி வட்டில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனால் சொல்லாவிட்டால் யாரும் எடுப்பதில்லை.

வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு

தகுதி பெறாத கணினியை வைத்திருப்பவருக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, காலம் வாங்குவது. விண்டோஸ் 10ஐ வீட்டில் பயன்படுத்துவோருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் ஏற்படுத்தியது. கணினி விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2வில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை, விரும்பாதவர்கள் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம் கட்டிச் சேரலாம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு, மொத்தம் மூன்றாண்டு. அந்த விலை ஏற்றத்தின் நோக்கம் ‘சீக்கிரம் கிளம்புங்கள்’ என்று சொல்வதுதான்.

இரண்டாவது, வேறு இயங்குதளம். இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் 22ஆம் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு இருக்கிறது. 4 ஜிபி ரேமில் அது தாராளமாக ஓடும். தமிழ்99, தட்டச்சு முறை உள்ளிட்ட விசைப்பலகைகளை அதில் சேர்த்துக்கொள்ளலாம். டாலி என்ற கணக்கு மென்பொருள், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் ஆகியவை அதில் நேரடியாக ஓடா. ஆஃபீஸுக்கு மாற்றான லிப்ரே ஆஃபீஸ் எக்செல் கோப்புகளைத் திறக்கும், சிக்கலான மேக்ரோக்கள், அதாவது கோப்புக்குள் எழுதிய சிறு நிரல்கள், உள்ளவற்றில் தடுமாறும். உலாவியும் கடிதமும் எளிய கணக்கும் போதும் என்பவருக்கு இது தகும், டாலியில் தொழில் செய்பவருக்குத் தகாது.

மூன்றாவது, புதிய கணினி. பழுதுக்கும் பாகங்களுக்கும் ஆகும் செலவு, எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் பாகங்கள் வாங்க மாட்டேன். அதிலும் ஒன்று: மேம்படுத்தியதோடு கதை முடிந்துவிடுவதில்லை. விண்டோஸ் 11இன் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் வீட்டுப் பயனர்களுக்கு 24 மாதம்தான் ஆதரவு. 24எச்2வுக்கு அது 2026 அக்டோபர் 13 அன்று முடிகிறது. அடுத்த பதிப்பு இலவசம்தான், ஆனாலும் நிறுவிக்கொண்டே வர வேண்டும்.

சித்தப்பாவின் மடிக்கணினியை நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, அந்தக் காலம் முடிந்த பிறகு என்ன என்று பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். வட்டில் எதையும் நிறுவாமல் இப்படி ஓட்டிப் பார்க்க முடிவதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. வைஃபை உடனே கிடைத்தது. சந்தாக் கணக்குக் கோப்பு திறந்தது, கூட்டல் சரியாக இருந்தது. தமிழ்த் தட்டச்சு அவர் பழகிய விசைகளிலேயே வந்தது. அச்சுப்பொறியிலிருந்து ஒரு பக்கம் அச்சாகி வெளியே வந்தது. பதினைந்து ஆண்டுப் பழைய ஸ்கேனரை மட்டும் எவ்வளவு முயன்றும் அது கண்டுகொள்ளவில்லை. சித்தப்பா சற்று யோசித்தார்; ரசீதுகளைக் கைபேசியிலேயே படம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.